தூணில் விரல் தொட்ட நாள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு நடு முற்றமான வளவிலிருந்து ஒரு கூச்சல். "அப்பத்தா, தொட்டுருச்சு! ஓடியாங்க, தொட்டுருச்சு!"

அடுப்படியில் இருந்த மாமியார் ஈரக்கையோடு ஓடினார். பின்னாலேயே நான். வளவுத் தூணைக் கட்டிப்பிடித்தபடி மகள் நிற்கிறாள். கன்னம் தேக்கில் அழுந்தி, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. கையை எடுத்தால் சாட்சி போய்விடுமே என்று அசையாமல் நிற்கிறாள். தூணுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். இரண்டு நடுவிரல் நுனிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. சித்திரையில் பார்த்தபோது அதே இடத்தில் என் மூன்று விரல் நுழையும்.

செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிறது எங்கள் பெரிய வீடு. நாங்கள் குடியிருப்பது காரைக்குடியில். சனி, ஞாயிறு இங்கே வந்துவிடுவோம். இந்த வீட்டில் மூன்று விதமான தூண்கள். இரண்டாம் கட்டில் ஒல்லியான மரத்தூண்கள், சுற்றளவு 22 அங்குலம். வளவைச் சுற்றி நிற்பவை பர்மாத் தேக்கு, 34 அங்குலம். முகப்பில் செங்கல் வைத்துக் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி மெருகேற்றிய உருண்டைத் தூண்கள், 74 அங்குலம். தையல் டேப்பை வைத்து இந்தக் கணக்கை எல்லாம் நான் எடுத்தது பிற்பாடுதான். விளையாட்டைக் கண்டுபிடித்தவள் மகள். கண்ணாமூச்சியில் ஒளிவது என்றால் அவளுக்குத் தூணைக் கட்டிக்கொள்வது. இரண்டரை வயதில் ஒருநாள் சின்னத் தூணில் இரண்டு கையும் சேர்ந்துவிட, ஒளிந்திருப்பதையே மறந்து "கை வந்துருச்சு" என்று கத்தி அகப்பட்டுக்கொண்டாள்.

இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் உள்ள நீளம் ஏறத்தாழ அவரவர் உயரம். ஆக, தூணைக் கட்டிப்பிடிப்பது உயரம் பார்ப்பதற்குப் பக்கத்துக் காரியம். இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அது தூண். போன தடவை எட்டாதது, இந்தத் தடவை எட்டியது.

இந்த விளையாட்டின் அருமை எனக்குப் புரிய ஒரு கெட்ட நாள் வேண்டியிருந்தது.

அவளுக்கு மூன்று வயது. பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து மார்கழியில் வரும் நோன்பு. 21 இழை சேர்த்த திரியை, வெல்லம் சேர்த்துப் பிசைந்த இழைமாவில் வைத்து ஏற்றி, பெரியவர் கையால் வாங்கி வாயில் போட்டுக்கொள்வோம். எங்கிருந்தாலும் அன்றைக்குப் பங்காளிகள் வந்துவிடுவார்கள். என் கொழுந்தனார் மகனும் வந்திருந்தான். இவளைவிட இருபது நாள் இளையவன். இழை எடுத்து முடித்த சந்தோஷத்தில் மாமியாரே இரண்டு பேரையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் ஒரு தட்டை வைத்துப் பார்த்தார். தட்டு சாய்ந்தது. "இவ ரெண்டு விரக்கடை கம்மில்ல. என்னத்த ஊட்டுறிய பிள்ளைக்கி?" கேட்டது பத்திருபது பேர் நடுவில். யாரோ சிரித்தார்கள். மூன்று வயதுக்கு அந்தச் சொல் புரியுமா என்று கேட்காதீர்கள். தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது புரியும்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் எந்தச் சுவரோரமும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் உயரம் பார்க்கும் பலகையைக் கண்டதும் என் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

மாமியாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் ஒருநாள் செய்ததை நான் அதற்கு முன்னால் மூன்று வருஷம் செய்திருக்கிறேன். போனில் ஓர் ஆப் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் அளந்தேன். கோடு ஏறாத வாரம் தூக்கம் வராது. இரண்டு வயது முடிந்த வாரம் முதன்முறையாக நிற்க வைத்து அளந்தபோது முக்கால் சென்டிமீட்டர் குறைந்திருந்தது. பிள்ளை சுருங்கிவிட்டாள் என்று அழுதுகொண்டே டாக்டரிடம் ஓடினேன். இரண்டு வயது வரைக்கும் படுக்க வைத்து நீளம் எடுப்பார்கள், பிறகு நிற்க வைத்து உயரம் எடுப்பார்கள். அதே குழந்தை நிற்கும்போது சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாகத்தான் காட்டும் என்று அவர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

வாராவாரம் அளப்பதில் அர்த்தமில்லை என்பதை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். மிஷேல் லாம்பல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் கைக்குழந்தைகளை அடிக்கடி அளந்து பார்த்து 1992-ல் வெளியிட்டார்கள். நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குழந்தைகள் வளரவில்லை. நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. பிறகு திடீரென்று ஒரு துள்ளல். நான் தூங்காமல் கிடந்த வாரங்களெல்லாம் அந்தச் சும்மா இருக்கும் வாரங்கள். போதாததற்கு, காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை இறங்கிவிடும். பகலெல்லாம் நிமிர்ந்திருப்பதில் முதுகெலும்புக்கு இடையிலுள்ள தட்டுகள் அமுங்கிவிடுகின்றன. ஒரு ஞாயிறு காலையிலும் மறு ஞாயிறு விளக்கு வைத்த பிறகும் அளந்துவிட்டு நான் பதறியிருக்கிறேன்.

பிரான்சில் மோன்பெயார் என்று ஒரு பிரபு இருந்தார். 1759-ல் பிறந்த தன் மகனை 1777 வரை விடாமல் அளந்து எழுதி வைத்தவர். ஒரே பிள்ளையைப் பதினெட்டு வருஷம் பின்தொடர்ந்த அந்தப் பதிவை வளர்ச்சியைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவரே சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அளந்திருக்கிறார். அதைப் படித்த அன்று ஆப்பை அழித்தேன். இப்போது எங்கள் வீட்டில் அளப்பது சித்திரை முதல் நாளும் ஐப்பசி முதல் நாளும். சரியாக ஆறு மாத இடைவெளி, இரண்டும் காலையில்.

பயந்துபோன பிள்ளையைத் திரும்பச் சுவரோரம் கொண்டுவந்தது எப்படி என்று கேட்பீர்கள். டேப்பை அவள் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். முதலில் பொம்மையை அளந்தாள். பிறகு ஆட்டுரல், நிலைக்கதவு, வாசலில் படுத்திருந்த நாய். அப்புறம் அப்பத்தாளை. சுவரில் சாய்ந்து நின்ற அவர் தலைக்கு மேல் முக்காலி போட்டு ஏறி, பென்சிலால் கோடு போட்டாள். அடுத்த வருஷம் அந்தக் கோடு ஒரு நூல் மேலே இருந்தது; வயதானால் உயரம் இறங்கும். "அப்பத்தா, நீங்க கம்மி ஆயிட்டிய" என்று அவள் சொன்னதும் மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "ஆமா ஆத்தா, எனக்குள்ளத உனக்குக் குடுத்துட்டேன்" என்றார். அதைக் கேட்டதும் மகள் தானாகவே வந்து சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

தட்டு வைத்தது அதே மனுஷிதான்.

உயரம் ஒன்றுதான் வளர்ச்சி என்று நாம் நினைத்துவிடுகிறோம். செட்டிநாட்டு வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி நிலைப்படி. முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை எத்தனை வாசல் வருகிறதோ அத்தனை நிலைப்படி. எங்கள் வீட்டில் அடுப்படியினுடையது நான்கு அங்குலம், முகப்பினுடையது ஏழு. ஒரு குழந்தைக்கு அவை மலைகள். முதலில் இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்து அழும். பிறகு வயிற்றை மேலே போட்டுத் தலைகீழாக இறங்கும். ஒரு மாதம் போனால் புத்தி வந்து காலை முன்னால் விடும். நடக்கப் பழகியதும் நிலையைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைக்கும், ஒரு கை, ஒரு விரல், பிறகு பிடிமானமே இல்லாமல். இரண்டரை வயதை ஒட்டி மேலே ஏறி நின்று இரண்டு காலும் சேர்த்துக் குதிக்கும். நான்கு, ஐந்து வயதில் நொண்டியடித்தே தாண்டும். இதில் ஒன்றையும் நாம் சொல்லித்தர வேண்டாம். நிலைக்கு அந்தப் பக்கம் அப்பத்தா உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கினால் போதும்.

மகள் தவழவே இல்லை. உட்கார்ந்த வாக்கில் ஒரு காலை மடக்கி, ஒரு கையை ஊன்றித் துடுப்புப் போடுகிற மாதிரி நகர்ந்தாள். ஆத்தங்குடிக் கல் வழவழவென்று இருக்குமா, வளவை ஒரு நிமிஷத்தில் கடந்துவிடுவாள். தவழாத பிள்ளைக்கு மூளை வளராது என்று யாரோ சொல்ல, அதற்கும் அழுதேன். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று 5 நாடுகளில் நல்ல ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, 2006-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் முட்டி போட்டுத் தவழவே இல்லை. மற்றபடி நன்றாகவே இருந்தார்கள். பிடிக்காமல் உட்கார்ந்தது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். தனியாக நடந்தது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். ஒன்பது மாத அகலம்! ஒருவன் எட்டு மாதத்தில் நடப்பான், ஒருத்தி பதினேழில் நடப்பாள், இரண்டும் சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது என்ற செய்தி அந்தப் பிள்ளையைப் பற்றிய செய்தி மட்டுமே.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரண்டு கையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை, உட்கார்ந்து கை கொட்டினால் சப்பாணி, தளர்நடை போட்டு வந்தால் வருகை. மூன்றாம் மாதம் காப்பில் தொடங்கி ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதக்கணக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடல்களில் தாய் "ஆடுக", "கொட்டுக", "வருக" என்று குழந்தையைக் கெஞ்சிக் கேட்கிறாள். ஏன் இன்னும் வரவில்லை என்று ஒரு தாயும் கேட்பதில்லை. அப்படிக் கெஞ்சிக் கேட்கிற வீட்டில்தான் குழந்தை கொட்டும், வரும்.

நடைவண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தச்சரிடம் சொல்லிச் செய்த மூன்று சக்கர நடைவண்டியை எழுந்து நிற்கத் தொடங்கிய பிள்ளை தானே பிடித்துத் தள்ளுகிறது, விழுகிறது, எழுகிறது. கடையில் விற்கும் வட்டமான வாக்கரில் குழந்தை தொங்கிக்கொண்டு விரல் நுனியால் உந்துகிறது. அதனால் நடை சீக்கிரம் வருவதில்லை. படியில் உருண்டு அடிபடுவதுதான் மிச்சம். கனடாவில் 2004-லேயே விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். நிலைப்படியும் வளவுப் பள்ளமும் உள்ள நம் வீடுகளில் அதை நுழைய விடாதீர்கள்.

தரைக்கு வருகிறேன். கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த ஆத்தங்குடிக் கற்கள், எங்கள் வளவில் ஒன்று எட்டு அங்குலம். கட்டம் போட்ட நோட்டு மாதிரி வீடு முழுக்க விரிந்து கிடக்கிறது. பாண்டி விளையாடக் கோடு கிழிக்க வேண்டாம். ஒரு கல்லின் ஓரத்தில் கால் கட்டைவிரலை வைத்து, இரண்டு காலும் சேர்த்து ஒரே தாவு. மூன்று வயதில் ஒரு கல்லைத் தாண்டினாள். இப்போது ஆறு வயதில் நான்கு. சில நாள் மூன்றுதான் வரும். "இன்னைக்குக் கால் தூங்குது" என்பாள், நானும் சரி என்பேன். நொண்டியடித்து எத்தனை கல், ஒற்றைக் காலில் நின்று அப்பத்தா எத்தனை வெற்றிலை மடிக்கும் வரை, பந்தை எந்தக் கல்லிலிருந்து போட்டால் பிடிக்க முடிகிறது, இப்படி அவளே புதிது புதிதாகச் சட்டம் போடுகிறாள். என் வேலை பார்ப்பது. ராத்திரி அவள் தூங்கிய பிறகு ஒரு பழைய டைரியில் தேதியும் ஒரு வரியும் எழுதுவேன். "கார்த்திகை 4. இடது காலிலும் நொண்டுகிறாள்." வேறு யாருடைய பெயரும் அந்த டைரியில் கிடையாது. நான் எனக்கே போட்டுக்கொண்ட ஒரே கட்டுப்பாடு அது.

வருஷத்துக்கு ஒருமுறை பாதத்தை நனைத்துச் செய்தித்தாள் மேல் வைக்கச் சொல்லி ஓரத்தைப் பென்சிலால் வரைவோம். முதல் தாளில் பாதம் முழுக்கச் சப்பையாகப் பதிந்திருக்கிறது. இந்த வருஷத் தாளில் உள்பக்கம் வளைந்து இடைவெளி விட்டிருக்கிறது. சின்னக் குழந்தைகளின் பாதம் சப்பையாக இருப்பதுதான் வழக்கம். வளைவு மெல்ல மெல்ல வரும். இது தெரியாமல் விலை உயர்ந்த செருப்பு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கைக்கு வேறு சோதனை வேண்டாம். சீடை உருட்டும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் போதும். முதலில் எலுமிச்சை அளவில் உருட்டினாள், பிறகு நெல்லிக்காய், இப்போது என் சீடையோடு கலந்தால் அடையாளம் தெரியாது. கோலமாவைக் கை நிறைய அள்ளியவள் கட்டைவிரலும் ஆள்காட்டியுமாகக் கிள்ளி எடுத்துப் புள்ளி வைக்கிறாள். நடுவீட்டுக் கோலம் போடுகிற நாளில் ஓரத்தில் ஒரு கட்டம் அவளுக்கென்று விட்டுவிடுகிறோம். கோணலாகத்தான் இருக்கும். அழிக்க மாட்டோம்.

அந்தக் காலத்தில் அரைஞாண் கயிறே டேப். இறுகினால் முடிச்சைத் தளர்த்துவார்கள், பிள்ளை தேறுகிறது என்று அர்த்தம். நழுவினால் வீடு கவலைப்படும். இன்றைக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் மேல்கையைச் சுற்றி ஒரு நாடா வைத்துப் பார்க்கிறார்களே, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு என்று, அதுவும் அதே கயிறுதான். எண் மட்டும் எழுதியிருக்கிறது.

விளையாட்டாகப் பார்ப்பது என்றால் அசட்டையாக இருப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விளையாடும்போதுதான் குறையும் கண்ணில் படும். மூன்றாம் வீட்டில் ஒரு பையன். பத்து மாதம் இருக்கும், தாய் தூக்கிக்கொண்டு வருவாள். மாமியார் அவன் முன்னால் இரண்டு பக்கமும் கரண்டி, மூடி என்று எதையாவது வைத்து விளையாட்டுக் காட்டுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பாரு, எடது பக்கம் வச்சாலும் வலது கையாலதான் எடுக்கிறான். எடது கை மூடியே கெடக்கு" என்றார். வலக்கைப் பழக்கம் என்று நான் நினைத்தேன். ஒரு வயதுக்கு முன்னால் குழந்தைகள் இரண்டு கையையும் சமமாகத்தான் நீட்டும். ஒரே கை என்றால் மற்றக் கையில் பலவீனம் இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மூளையின் ஒரு பக்கத்தில் பாதிப்பு. அந்த வாரமே பயிற்சி தொடங்கியது. இப்போது மூன்றரை வயது. இடது கை இன்னும் மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. எங்கள் சின்னத் தூணை அவனும் கட்டிப்பிடிக்கிறான்.

அதனால் இவற்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது மாதம் முடிந்தும் உட்காரவில்லை, பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் காட்டிவிடுங்கள். எந்த வயதானாலும், செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை செய்யாமல் நிறுத்திவிட்டால் மறுநாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நான்கு வயதுக்கு மேல் ஒரு முழு வருஷத்தில் 5 சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றாலும் ஒருமுறை காட்டுவது நல்லது. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் கோடு போட்டுத் தருகிறார்கள். 1975-ல் தொடங்கிய திட்டம். வசதி இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை, நாங்களும் முதலில் போகவில்லை. என் ஆப் செய்ததைவிட நிதானமாக அந்த அட்டை வேலை செய்கிறது. பிறப்பிலிருந்து 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் அந்த டாக்டர்கள் வரும் நாளில் லீவு போடாதீர்கள்.

இந்தத் தீபாவளிக்குக் கொழுந்தனார் மகன் வந்திருந்தான். இப்போதும் இவளைவிட உயரம்தான். வந்ததும் வளவுத் தூணைக் கட்டிப் பார்த்தான். அவனுக்கு விரல் தொட்டுவிட்டது, இவளுக்கு இன்னும் ஒரு விரல் பாக்கி. எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. இவள் தூணைச் சுற்றி வந்து அவன் விரல் நுனியைப் பார்த்துவிட்டு, "வா, பெருசுக்குப் போவோம்" என்று முகப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுண்ணாம்புத் தூணை ஆளுக்கு ஒரு பக்கம் கட்டிக்கொண்டார்கள். ஒரு பக்கம் இருவர் கையும் கோத்துக்கொண்டது. மறுபக்கம் எட்டவில்லை. மாமியார் குனிந்து, அந்த இடைவெளியில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார்.

"நாலு விரக்கடை இருக்கு" என்றார்.

"ரெண்டு பேருக்கும் சேத்தா?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டான் அவன்.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."